அழுதுவிட்டு எழுந்துபோன பிறகு என்ன மிஞ்சுகிறது? பார்வையை மாற்றிய படங்கள் பற்றி

நடுவரிசை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது "கட்டாயம் பார்க்க வேண்டிய பத்துப் படங்கள்" இழை இல்லை. அந்த மாதிரிப் பட்டியல்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன.

போன வாரம் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் இகிரு (1952) படத்தை நான்காவது முறையாகப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காக: வதனபே என்று ஓர் அலுவலகப் பிரிவுத் தலைவர். முப்பது வருடமாக விடுப்பே எடுக்காமல் காகிதங்களில் முத்திரை குத்திக்கொண்டிருப்பவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிகிறது. கொஞ்சநாள் தடுமாறிவிட்டு, கடைசியில் ஒரு சாக்கடைக் குட்டையை மூடிக் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கும் வேலையில் இறங்குகிறார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, பனி கொட்டும்போது ஊஞ்சலில் உட்கார்ந்து அவர் பாடும் காட்சியை. எனக்கு அதைவிட அந்த இழவு வீடுதான் முக்கியம்.

நாயகன் செத்துப்போன பிறகும் படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கிறது. உடன் வேலை பார்த்தவர்கள் சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள். பூங்கா வந்தது யாரால் என்று வாதம் நடக்கிறது. பேசப் பேச, அந்த மனிதர் என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது மெதுவாக உறைக்கிறது. போதை ஏற ஏற அழுகிறார்கள். இனி நாங்களும் அவரைப்போல வாழ்வோம் என்று சபதம் போடுகிறார்கள். மறுநாள் அதே அலுவலகம். ஒரு புகார் வருகிறது. புதுத் தலைவர் அதை வேறொரு பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார். ஒரே ஒருவர் மட்டும் பொறுக்காமல் எழுந்து நிற்கிறார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரும் உட்கார்ந்துவிடுகிறார், காகிதக் குவியலுக்குப் பின்னால் முகம் மறைந்துபோகிறது.

அந்த இழவு வீட்டில் இருப்பது நாம்தான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டரை மணிநேரம் அழுதுவிட்டு, மறுநாள் போய் அதே நாற்காலியில் உட்காருகிறவர்கள்.

அதனால் கேள்வி இதுதான். ஒரு படம் உங்களை மாற்றியது என்றால், மூன்று நாள் கழித்து எதை வேறு மாதிரிச் செய்தீர்கள், அல்லது எதை வேறு மாதிரிப் பார்த்தீர்கள்? "புரட்டிப் போட்டது", "தூக்கமே வரவில்லை" எல்லாம் செல்லாது. படம் யாரையும் மாற்றாது என்பது என் கட்சி. மறுத்துப் பேசுங்கள்.


கடைசிப்பிரதி:

ரஷோமோன், பைசைக்கிள் தீவ்ஸ், டோக்கியோ ஸ்டோரி, பதேர் பாஞ்சாலி, ஷோவா, குளோஸ் அப், மேட்ரிக்ஸ், ட்ரூமன் ஷோ. ஒவ்வொன்றும் மனிதனையே மாற்றும். அதிலும் ட்ரூமன் ஷோ பார்த்த அன்று தூக்கமே வரவில்லை.


இரண்டாம்ஆட்டம்:

@கடைசிப்பிரதி, கேள்வியைப் படித்தீர்களா?


கடைசிப்பிரதி:

படித்தேன். அதை எப்படி விளக்கிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் பட்டியல்.


மழைக்குருவி:

நான் சொல்கிறேன். ழான் டீல்மான், 1975, ஷந்தால் ஆக்கர்மான் இயக்கியது. 201 நிமிடம். ஒரு விதவை, வளர்ந்த மகன், மூன்று நாள். சமைக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள், படுக்கையை மடிக்கிறாள், அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். மதியத்தில் ஓர் ஆண் வருவான், பணம் கொடுப்பான், போவான். அதையும் பாத்திரம் தேய்ப்பதைப் போலவே முறையாகச் செய்து முடிக்கிறாள். பணம் மேசைமேல் இருக்கும் மூடிபோட்ட கிண்ணத்துக்குள் போகும்.

மற்ற படங்களில் ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவத் தொடங்கினால் அடுத்த ஷாட்டில் சாப்பாடு தயாராக இருக்கும். இதில் வெட்டு இல்லை. கிழங்கு முழுக்கச் சீவி முடிக்கும்வரை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமரா நகராது, பக்கத்திலும் போகாது. முதல் ஒரு மணிநேரம் எரிச்சலாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் இரண்டாம் நாள் வருகிறது. கிழங்கு அதிகமாக வெந்து குழைந்துவிடுகிறது. கழுவிய கரண்டி கை தவறி விழுகிறது. கிண்ணத்தை மூட மறந்துவிடுகிறாள். இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். முதல் நாளை முழுசாகப் பார்த்திருக்காவிட்டால் மூடாத கிண்ணம் ஒரு விஷயமாகவே கண்ணில் பட்டிருக்காது.

மூன்று நாள் கணக்குக் கேட்டீர்கள், சொல்கிறேன். அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அடுப்பைத் துடைத்த துணியைப் பிழிந்து, உதறி, இரண்டாக மடித்து, விளிம்பு நேராக இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை நீவி, அப்புறம்தான் தொங்கவிட்டார். நாற்பது வருடமாக என் கண்முன்னால் நடந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு "அம்மா சும்மாதான் இருக்காங்க" என்று யாரிடமும் சொன்னதில்லை. வேலையில் பாதியை நான் எடுத்துக்கொண்டேனா என்றால், இல்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இது உங்கள் கணக்கில் வருமா வராதா?


நடுவரிசை:

வரும். ஒத்துக்கொள்கிறேன். இயக்குநர் தன் தாயையும் அத்தைமாரையும் பார்த்து வளர்ந்த அசைவுகளைத்தான் அதில் வைத்தார் என்பார்கள். அதை எடுக்கும்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. 2022இல் பிரிட்டிஷ் இதழான சைட் அண்ட் சவுண்ட் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அது முதலிடம் வந்தபோது கிளம்பிய புலம்பல் நினைவிருக்கிறதா? "கிழங்கு சீவுவதெல்லாம் ஒரு படமா" என்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பார்வை மாறியது சரி. துணி மடிக்கிற கை இன்னும் அம்மாவுடையதுதானே?


மழைக்குருவி:

ஆமாம். அந்த இடத்தில் குத்திவிட்டீர்கள்.


சுருள்நாடா:

ஒரு படம் நிஜ வாழ்க்கையில் ஒரு கதவைத் திறந்ததற்கு ஆதாரம் வேண்டுமென்றால் இருக்கிறது. தி தின் புளூ லைன், 1988, எரோல் மோரிஸ் எடுத்த ஆவணப்படம்.

1976இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை. 1979இல் தண்டனை நிறைவேற மூன்று நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்றம் நிறுத்திவைக்கிறது. பிறகு ஆயுள் தண்டனையாகிறது. மோரிஸ் அங்கே போனது இவருக்காகவே இல்லை. மரண தண்டனை வழக்குகளில் "இவன் மறுபடியும் கொலை செய்வான்" என்று அரசுத் தரப்புக்காக வழக்கமாகச் சாட்சி சொல்லிவந்த ஒரு மனநல மருத்துவரைப் பற்றிப் படமெடுக்கப் போனவர். அப்படிச் சந்தித்த கைதிகளில் ஒருவர் ஆடம்ஸ். பேசப் பேச, இந்த வழக்கில் ஏதோ உதைக்கிறதே என்று சந்தேகம். மோரிஸ் அதற்குமுன் தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் அந்தத் துப்பாக்கிச் சூடு மறுபடி மறுபடி நடித்துக் காட்டப்படும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறும். காரில் இருந்தது ஒருவரா இருவரா, கூட வந்த போலீஸ்காரர் எங்கே நின்றார் என்று. நம்மில் பலரும் அதை "உண்மையில் நடந்ததன் மறு ஆக்கம்" என்று நினைத்துவிடுகிறோம். இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சொன்ன வாக்குமூலம். உண்மையில் நடந்தது இதுதான் என்று ஒரு தடவைகூடக் காட்டமாட்டார். நாம் திரையில் பார்ப்பதெல்லாம் பொய்களையும் தவறான நினைவுகளையும்தான்.

கடைசிப் பேட்டியின்போது கேமரா பழுதாகிவிட்டது. அதனால் திரையில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர் மட்டும் ஓடுகிறது. ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவனின் குரல் அதிலிருந்து வருகிறது, ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று. 1989இல் ஆடம்ஸ் வெளியே வந்தார். 12 வருடச் சிறை. பிறகு தன் கதையின் உரிமை யாருக்கு என்று அவருக்கும் மோரிஸுக்குமே வழக்கு வந்து சமரசத்தில் முடிந்தது. அதுவும் இந்தக் கதையின் ஒரு பாகம்தான், மறைக்க வேண்டியதில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு விபத்தை நேரில் பார்த்தேன். மோதிய வண்டி சிவப்பு என்று அடித்துச் சொன்னேன். விசாரித்ததில் அது பழுப்பு. எனக்கு இன்றைக்கும் மனதில் சிவப்பாகத்தான் தெரிகிறது! இந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர்கள்தான் தவறு என்று சாதித்திருப்பேன். இப்போது யாராவது "என் கண்ணால பார்த்தேன்" என்றால் உடனே நம்புவதை நிறுத்திவிட்டேன். எங்கே நின்றாய், வெளிச்சம் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. என்னிடமே கேட்டுக்கொள்கிறேன், அதுதான் கஷ்டம்.


நடுவரிசை:

நல்ல உதாரணம். ஆனாலும் ஆடம்ஸ் வெளியே வந்தது துப்பறியும் வேலையால். அந்த வேலையை ஒரு வழக்கறிஞரோ நிருபரோ செய்திருந்தாலும் நடந்திருக்கும். படம் மக்களை மாற்றியதால் நடந்தது என்று சொல்ல முடியுமா?


சுருள்நாடா:

"செய்திருந்தாலும்" என்கிறீர்கள். 12 வருடம் யாரும் செய்யவில்லையே. அந்தச் சாட்சிகளைத் திரையில் பேசவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்கிற எவருக்கும் சந்தேகம் வரும்படி செய்தது படம்தான். காகிதத்தில் அதே வாக்குமூலம் சாதாரணமாகத்தான் இருக்கும்.


குறுக்குவிசாரணை:

எல்லோரும் நல்ல பக்கத்தையே சொல்கிறீர்கள். படம் மனிதனை மாற்றும் என்றால் கெட்டதாகவும் மாற்றும். அதற்கு ஆதாரம் இன்னும் வலுவாக இருக்கிறது.

தி பர்த் ஆஃப் எ நேஷன், 1915, டி. டபிள்யூ. கிரிஃபித். படமொழியில் எவ்வளவோ சாதித்தது என்று பாடப்புத்தகங்களில் படிப்போம். அதே 1915இல்தான், அந்தப் படம் வீரர்களாகக் காட்டிய, அதற்குள் செத்துக் கிடந்த கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஸ்டோன் மலையில் மறுபடி தொடங்கப்பட்டது. சிலுவையைக் கொளுத்தும் வழக்கம் பழைய கிளானில் கிடையாது. மூலக்கதையிலும் படத்திலும் வந்த கற்பனை அது. கற்பனைக் காட்சியைப் பார்த்து நிஜ மனிதர்கள் நிஜமாகவே கொளுத்தத் தொடங்கினார்கள். "மூன்று நாள் கழித்து என்ன செய்தார்கள்" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்குமா?

சின்ன அளவில், ஆளைக் கொல்லும் சுறாவைப் பற்றிய ஜாஸ் (1975). மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, சுறாக்களைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கதையை இனி எழுத முடியாது என்றார். மீதி வாழ்நாளில் கடலைக் காப்பதற்காகப் பேசினார். படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க் 2022இல் ஒரு வானொலிப் பேட்டியில், அதனால் சுறாக்கள் அழிந்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால்தான் சுறாவை அதிகம் காட்டாமல் எடுத்தார்கள். காட்டாததால் பயம் இன்னும் கூடியது. ஒரு பொம்மை ஓடாமல் போனதற்கு நிஜச் சுறாக்கள் விலை கொடுத்தன.

என்னைக் கேட்டால், இரக்கத்தைவிடப் பயம் நீண்டநாள் நிற்கும். நான் நீச்சல் குளத்திலேயே ஆழமான பக்கம் போகமாட்டேன். குளத்தில் சுறா வராது என்று தெரியும். தெரிந்து என்ன பயன்?


இரண்டாம்ஆட்டம்:

நீச்சல் குளத்தில் சுறா! ரொம்ப நேரம் சிரித்தேன். ஆனால் எனக்கும் உண்டு, சொல்லமாட்டேன்.


பழையசுவரொட்டி:

"இந்தப் படத்தால் சட்டம் மாறியது" என்கிற கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிக் கதைகள் இனிப்புத் தடவியவை.

ரொசெட்டா (1999), தார்தென் சகோதரர்கள். வேலை தேடி அலையும் ஒரு பெல்ஜியப் பெண். கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வாங்கியது. பெல்ஜியத்தில் இளைஞர் வேலைவாய்ப்புக்கான சட்டம் ஒன்று "ரொசெட்டா திட்டம்" என்ற பெயரிலேயே வந்தது. அடடா, படம் சட்டத்தையே கொண்டுவந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். இயக்குநர்களே அதை மறுத்தார்கள். மசோதா முன்பே தயாராகிக்கொண்டிருந்தது, பெயர்தான் படத்திலிருந்து போனது.

கேத்தி கம் ஹோம் (1966) இன்னொன்று. கென் லோச் பிபிசிக்காக எடுத்தது. வீடிழந்து, கடைசியில் ரயில் நிலையத்தில் வைத்துப் பிள்ளைகளும் பிடுங்கிக்கொள்ளப்படும் ஒரு தாய். ஒரு கோடியே இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் ஷெல்டர் என்ற வீடற்றோருக்கான அமைப்பு தொடங்கியது. ஆனால் அந்த அமைப்புக்கான ஏற்பாடு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. படம் கொடுத்தது காற்று. பாய்மரத்தை வேறு யாரோ முன்னாலேயே கட்டி வைத்திருந்தார்கள். வீடற்றோருக்கான சட்டம் 1977இல்தான் வந்தது, பதினோரு வருடம் கழித்து.

இதனால் படத்தின் மதிப்பு குறைகிறது என்று சொல்லவில்லை. ஏற்கனவே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் விழுந்தால்தான் படம் பற்றிக்கொள்ளும் என்கிறேன். ஈரமான விறகில் என்ன தீக்குச்சி கிழித்தாலும் வீண்.


இரண்டாம்ஆட்டம்:

இப்போது நான் சீரியஸாகவே எழுதுகிறேன். இரண்டு படங்களின் முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போங்கள்.

உதிரிப்பூக்கள், 1979, மகேந்திரன். புதுமைப்பித்தனின் சிற்றன்னையை லேசாகத் தொட்டுக்கொண்டு எழுந்த படம். சுந்தரவடிவேலு என்கிற அந்த மனிதனை விஜயன் நடித்த விதத்தில் அவன் சத்தம்கூடப் போடமாட்டான். மெதுவாகப் பேசியே ஒரு பெண்ணை உருக்கிக் கொல்வான். படம் முழுக்க நமக்கு ஒரே எண்ணம்தான்: இவனுக்கு ஏதாவது நடக்காதா? கடைசியில் நடக்கிறது. ஊரே திரண்டு அவனை ஆற்றுக்கு இழுத்துப் போகிறது. நாமும் கூடவே போகிறோம். அங்கே நின்று அவன் சொல்கிறான், தான் செய்த தவறுகளிலேயே பெரியது உங்கள் எல்லோரையும் என்னைப்போல ஆக்கியதுதான் என்று. சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறான். பிள்ளைகள் கரையில்.

முதல்முறை பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது இருக்கும். ஏமாற்றமாக இருந்தது. வில்லன் எதற்கு நியாயம் பேச வேண்டும்? பிறகு எப்போதோ உறைத்தது, அவன் பேசியது ஊராரிடம் மட்டும் இல்லை. "ஏதாவது நடக்காதா" என்று இரண்டு மணிநேரம் ஆசைப்பட்டவன் நான்தான்.

போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் கில்லிங் (1988) இதையே இன்னும் கொடூரமாகச் செய்கிறது. ஓர் இளைஞன் காரணமே இல்லாமல் ஒரு டாக்ஸி ஓட்டுநரைக் கொல்கிறான். அந்தக் கொலை சட்டென்று முடியாது. நீண்டுகொண்டே போகும், அசிங்கமாக, மூச்சுத் திணற. பிறகு அரசு அவனைத் தூக்கிலிடுகிறது. அதுவும் அதே நிதானத்தில்: கயிற்றின் நீளம் சரிபார்ப்பது, கீழே தட்டு வைப்பது, இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவது. முதல் கொலையின்போது "இவனைத் தூக்கில் போடணும்" என்று நினைத்த அதே பார்வையாளன் இரண்டாவதில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். போலந்தில் அந்த 1988 ஏப்ரலுக்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. படத்தால்தான் என்று சொல்லமாட்டேன், பழையசுவரொட்டி அடிக்க வருவார். நாட்டின் ஆட்சியே அப்போது ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

என்னிடம் மாறியது: செய்தியில் ஏதாவது கொடுமை வந்து, "இவனையெல்லாம் நடுரோட்டில நிக்க வெச்சு…" என்று குடும்பக் குழுவில் எல்லோரும் ஆரம்பிக்கும்போது நான் எழுதுவதில்லை. வாதாடுவதும் இல்லை. அந்த இடத்தில் எனக்கு ஆற்றங்கரை ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கும் அந்தக் கோபம் வராமல் இல்லை, வருகிறது. கூட்டத்தோடு நடந்துபோக மட்டும் கால் எழவில்லை.


மழைக்குருவி:

கயிற்றின் நீளம் சரிபார்ப்பது என்றவுடன் கிழங்கு சீவுவது ஞாபகம் வந்தது. இரண்டிலும் வெட்டாமல் காட்டியதுதான் வேலை செய்திருக்கிறது. நாம் வழக்கமாக எதைத் தாண்டிப் போகிறோமோ அதன் முன்னால் நிறுத்தி வைக்கிறார்கள்.


குறுக்குவிசாரணை:

எல்லாவற்றையும் வெட்டாமல் காட்டினால் மட்டும் வேலை நடந்துவிடாது. ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மானிய இயக்குநர் 1969இல் நேபாம் என்ற தீக்குண்டைப் பற்றி 25 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். மேசை முன் உட்கார்ந்து, தீக்காயப் படங்களைக் காட்டினால் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள், முதலில் படத்துக்கு, பிறகு நினைவுக்கு, பிறகு நடந்ததற்கே என்கிற பொருளில் பேசுகிறார். அப்புறம் எரிகிற சிகரெட்டை எடுத்துத் தன் கையில் அழுத்திக்கொள்கிறார். சிகரெட்டின் சூடு 400 டிகிரி, நேபாமின் சூடு 3000 என்று ஒரு குரல் சொல்கிறது. அவ்வளவுதான்.

அந்த இடத்தில் நேபாம் காயத்தைக் காட்டவே இல்லை. கணக்கை நம்மைப் போடவிட்டுவிட்டார். அந்தச் சின்ன வட்டத் தழும்பிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. போர்ப் படங்களில் நூறு பேர் எரிந்தபோதெல்லாம் என் கை பாட்டுக்குப் பாப்கார்னில்தான் இருந்தது.


எட்டாம்ரீல்:

ஒரே படம் எதிரெதிர்ப் பாடம் நடத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ் (1966), ஜில்லோ பொன்டெகார்வோ. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரியப் போராட்டம். செய்திப்படம் போலவே இருக்கும், ஆனால் செய்திப்படக் காட்சி ஓர் அடிகூடக் கிடையாது. போராட்டத் தலைவர்களில் ஒருவரான சாதி யாசெஃப் ஏறக்குறைய தன்னுடைய பாத்திரத்திலேயே நடித்தார். முக்கிய நடிகர்களில் தொழில்முறைக்காரர் பிரெஞ்சுத் தளபதியாக வந்தவர் மட்டும்தான். பிரான்சில் சில வருடம் திரையிட முடியவில்லை.

உலகம் முழுக்கப் புரட்சிக்காரர்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். 2003இல், ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலும் அதைத் திரையிட்டார்கள். கிளர்ச்சியை அடக்குவது எப்படி என்று படிக்க! பார்க்கிறவன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் படத்தால் மாற்ற முடியவில்லை. நடுவரிசையின் கட்சிக்கு இது ஆதரவு வாக்கு.


சின்னக்கல்:

எல்லோரும் கொலை, தூக்கு, போர் என்றே போகிறீர்கள். பார்வை மாறுவதற்கு மனசு உடையத்தான் வேண்டுமா?

பவர்ஸ் ஆஃப் டென், 1977. சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி எடுத்தது. பத்து நிமிடம்கூட இல்லை. புல்வெளியில் இருவர், ஒருவர் படுத்துத் தூங்குகிறார். மேலிருந்து ஒரு மீட்டர் அகலச் சதுரம். பத்து விநாடிக்கு ஒருமுறை பத்து மடங்கு தூரம் தள்ளிப் போகிறோம். பத்து மீட்டர், நூறு, ஆயிரம். ஊர் போகிறது, பூமி போகிறது, சூரியன் புள்ளியாகிறது, பால்வீதியும் போகிறது. பத்தின் 24ஆம் அடுக்கில் நின்றால் கிட்டத்தட்ட எல்லாமே இருட்டு. திரும்பி வேகமாக இறங்கி, தூங்குகிறவரின் கைத்தோலுக்குள் நுழைந்து, உயிரணு, அணு, அதன் கரு வரை போய் முடிகிறது.

இதில் எனக்கு உறைத்தது பிரபஞ்சம் பெரிது என்பதில்லை, அது தெரிந்ததுதான். உள்ளே போகும்போதும் நடுவில் நிறைய வெற்றிடம் வருகிறது, வெளியே போனபோது வந்ததைப் போலவே. என் கைக்குள்ளும் அந்த இருட்டு இருக்கிறது! இதைப் பார்த்தபோது மகளுக்கு ஏழு வயது. மறுநாள் எறும்பு ஒன்று சுவரில் போனது. "எறும்புக்கு இந்தச் சுவர் எத்தனை பத்து?" என்று கேட்டாள். இப்போதும் எங்கள் வீட்டில் அது ஓர் அளவு. ஏதாவது பிரச்சினை வந்தால் "இது எத்தனை பத்து?" என்று கேட்டுக்கொள்வோம். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைதான் வரும்.


கடைசிப்பிரதி:

இது பிடித்திருக்கிறது. எத்தனை பத்து. எடுத்துக்கொள்கிறேன்.


பழையசுவரொட்டி:

நடுவரிசை, ஒரு சந்தேகம். இகிரு அந்தக் காகிதக் குவியலில் முடிகிறது என்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அங்கே முடிவதில்லையே. எழுந்து நின்று உட்கார்ந்தாரே அந்த ஊழியர், கிமுரா. அதற்குப் பிறகு அவர் வேலை முடிந்து போகும் வழியில் பாலத்தில் நின்று கீழே பூங்காவைப் பார்க்கிறார். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் கடைசிக் காட்சி. நான்கு முறை பார்த்தவர் இதை எப்படி விட்டீர்கள்?


நடுவரிசை:

இரவு போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி.

எப்படி விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சுருள்நாடாவின் சிவப்பு வண்டி மாதிரிதான். என் நினைவில் படம் குவியலோடு முடிந்துவிட்டது, இந்த இழையைத் தொடங்கியதே அந்த நினைவை வைத்துத்தான். கிமுரா நிற்கிறார், பார்க்கிறார், போகிறார். அடுத்த நாள் ஏதாவது செய்வாரா என்று படம் சொல்வதில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அது வெறும் பூங்காவாக இல்லை. அங்கே சாக்கடை இருந்தது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எட்டாம்ரீல் சொன்ன நாற்காலி விஷயத்துக்காக. நானும் விண்ணப்பங்கள் கைமாறும் ஓர் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். "இது எங்க பிரிவு இல்லை" என்பது நாளுக்கு நான்கு முறையாவது என் வாயில் வரும். இந்தப் படத்தை நான்கு முறை ஏன் பார்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லவேளை.


மழைக்குருவி:

கேட்கிறேன். ஏன் பார்த்தீர்கள்?


நடுவரிசை:

ஒவ்வொரு முறையும் அந்த வாரம் முழுக்க, வந்தவரிடம் எந்த அறை, யாரைப் பார்க்கணும் என்று எழுந்துபோய்க் காட்டிவிட்டு வருவேன். அப்புறம் விட்டுப்போகும். விட்டுப்போனது தெரிந்ததும் மறுபடி படத்தைப் போடுவேன். இதை மாற்றம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் படம் யாரையும் மாற்றாது என்று எழுதினேன்.


குறுக்குவிசாரணை:

அப்படியானால் படம் மாத்திரை மாதிரி. வேளாவேளைக்குப் போட வேண்டும்.


நடுவரிசை:

எனக்கு அப்படித்தான் போலிருக்கிறது. மழைக்குருவிக்கு ஒரே வேளை போதும்.


மழைக்குருவி:

போதாது. நேற்றுப் போனபோது துணியை வாங்கி நான் மடித்தேன். விளிம்பு சரியில்லை என்று அம்மா பிரித்து மறுபடி மடித்தார்.


கடைசிப்பிரதி:

சரி, பட்டியல்காரன் திரும்பி வந்திருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு ழான் டீல்மான் பார்த்தேன். முதல் தடவை நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் முதலிலிருந்து போட்டேன், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

கிண்ணத்தை மூடாமல் அவள் அறையை விட்டுப் போனபோது "மூடி, மூடி" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த மனைவி என்ன ஆச்சு என்றாள். ஒரு பெண் கிண்ணத்தை மூட மறந்துவிட்டாள் என்றேன். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி உட்கார் என்று சொல்லிவிட்டு மீதியை அவளும் பார்த்தாள்.